தரை தொடாத ஜுல்பிகர்

“நான் சைக்கிள்ல ஏறிட்டேன்னா, எல்லைக்கோட்டைத் தாண்டுற வரைக்கும் என் கால் தரையில படாது. இது இன்னைக்கு நேத்து இல்ல, எப்பவுமே. பட்டதைப் பாத்தவன் எவனாச்சும் இருந்தா கையைத் தூக்குங்கடா பாப்போம்!”

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு மாட்டுப்பொங்கலன்று, செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், சைக்கிள் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கிய கையோடு, அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி ஜுல்பிகர் நிகழ்த்திய பேருரையின் முழு வடிவம் இதுதான். கேட்டவர்கள் ஏறக்குறைய நானூறு பேர். பரிசுக்கென்று கட்டியிருந்த ஆட்டுக்கிடாயையும் சேர்த்தால் நானூற்றொன்று. கையைத் தூக்கியவர் ஒருவரும் இல்லை.

வீர உரைகள் காற்றோடு போய்விடுவது உலக வழக்கம். இந்த உரை போகவில்லை. காரணம், ஜுல்பிகரின் நண்பர் மன்சூர் மதுரை முனிச்சாலையில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தார். மறுநாள் காலையில் நெல்பேட்டை முக்கில் பத்தடிக்கு எட்டடி பேனர் எழுந்தது. அதில் ஜுல்பிகர் மேகத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். கீழே ‘தரை தொடாத வேங்கை’ என்று எழுதியிருந்தது. வேங்கையை விடச் சற்றே பெரிய அளவில் மன்சூர் கும்பிட்டபடி நின்றார். வேங்கை எதற்காக மேகத்தில் ஓட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, “கம்ப்யூட்டர்ல அந்தப் பின்னணிதான் மாப்ள இருந்துச்சு” என்று அவர் விளக்கம் தந்தார்.

இந்தத் திறமை ஜுல்பிகருக்கு வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். அவர் தொழில் முட்டை. நெல்பேட்டை மொத்தக்கடையிலிருந்து ஊரெல்லாம் இருக்கிற பரோட்டாக் கடைகளுக்கு, சைக்கிள் கேரியரில் அட்டை அட்டையாக அடுக்கிக்கொண்டு போவார். அட்டைக்கு முப்பது, பன்னிரண்டு அட்டை. சிம்மக்கல் சிக்னலில் சிவப்பு விழுந்தால் மற்றவர்கள் காலை ஊன்றி நிற்பார்கள். முட்டைக்காரர் காலை ஊன்றினால் சைக்கிள் சாயும், சைக்கிள் சாய்ந்தால் முட்டைக் கோபுரம் சாயும், அப்புறம் சிக்னலிலேயே ஆம்லெட்தான். ஆகவே இரண்டு காலையும் பெடலில் வைத்தபடி, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகிக்கொண்டு, தொண்ணூறு வினாடி அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் அதைப் பார்க்கத் தாங்காமல் அவருக்கு மட்டும் சீக்கிரமாகப் பச்சை போட்டுவிடுவார் என்று ஒரு தகவல் உண்டு. அது உறுதி செய்யப்படவில்லை.

முட்டை இல்லாத சைக்கிளில் அவரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை மதுரைக்கு மேற்கே இருக்கிற கிராமங்கள் ஆறு ஆண்டுகள் அனுபவித்தன. பொங்கலா, கோயில் திருவிழாவா, கட்சிக்காரர் பிறந்தநாளா, சைக்கிள் பந்தயம் என்று மைக் கட்டினால் ஜுல்பிகர் வந்துவிடுவார். முதல் பரிசு அவருக்கு. இரண்டாம் பரிசு உசிலம்பட்டி ராஜபாண்டிக்கு. ராஜபாண்டி மானாவாரிக் கடலைக்காட்டுக்காரர். நெஞ்சு அகலம், பேச்சு அதைவிட அகலம். ஆனாலும் தொடர்ந்து இரண்டாவது.

பரிசுகளாக வந்தவை அண்டா, குத்துவிளக்கு, ஆட்டுக்கிடாய், சீலிங் பேன். பேன்கள்தான் மிகுதி. ஆறாவது பேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் நுழைந்த நாளில், மனைவி நாஸியா அட்டைப்பெட்டியைப் பார்த்தார், அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

“என்னங்க, நமக்கு ரூம் எத்தனை?”

“ஒண்ணு.”

“பேன் எத்தனை?”

“ஆறு.”

“அடுத்த தடவை ரூமு குடுக்குற ஊராப் பாத்துப் போங்க.”

இந்தப் பந்தயங்களின் சட்டம் ஒன்று உண்டு. கதை அதில்தான் போய் முட்டப்போகிறது என்பதால் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பந்தயம் ‘போக வர’ இத்தனை மைல் என்றுதான் வைப்பார்கள். ஐந்து மைல் போனால் அங்கே கமிட்டிக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கலர்த் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பார். அவர் நீட்டுகிற துண்டை ஓடுகிற சைக்கிளிலேயே பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டும். துண்டு இல்லாமல் முதலில் வந்தாலும் செல்லாது. பாதி வழியில் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கி, பீடி குடித்துவிட்டு, திரும்பி வருகிற கூட்டத்தோடு கலந்துகொண்ட வீரர்கள் முன்னொரு காலத்தில் இருந்ததால் வந்த சட்டம் இது.

பிறகு ஒரு நாள் கம்பெனி வந்தது. சுடர்முகம் டயர்ஸ் என்று பெயர். அவர்கள் சம்பளம் கொடுத்து ஒரு சைக்கிள் அணி வைத்திருந்தார்கள். அணியின் மேலாளர் கண்ணுச்சாமி, கிராமத்துப் பந்தயம் ஒன்றைப் பார்த்துவிட்டு, முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார். மெல்லிசான டயர், தலைக்கு ஹெல்மெட், நெஞ்சில் கட்டிக்கொள்ள நாடி பார்க்கிற பட்டை, காலைப் பெடலோடு பூட்டிக்கொள்கிற ஷூ எல்லாம் வந்தன. காலையே பூட்டிவிடுகிறார்கள் என்றதும் ஜுல்பிகருக்குக் கம்பெனியின் மீது மிகுந்த மரியாதை உண்டாயிற்று. ஒரே ஒரு குறை. இன்னும் தேர்வு நிலையில் இருக்கிறவர்களின் சட்டை முதுகில் நம்பர் மட்டும்தான் இருக்கும். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் பெயர். ஜுல்பிகர் அந்த வெற்று முதுகை அயர்ன் பண்ணி மாட்டி வைத்து, பெயர் எந்த இடத்தில் வந்தால் நன்றாயிருக்கும் என்று விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்ததை நாஸியா கண்டார். கேலி செய்யவில்லை. அந்த ஆண்டில் அவர் கேலி செய்யாத ஒரே விஷயம் அதுதான்.

முதல் பந்தயம் நத்தம் சாலையில், நூற்றிருபது கிலோமீட்டர். தொடங்குமுன் ஒருவர் மைக்கில் விதிகளை மூன்று மொழிகளில் சொன்னார். மைக்கில் பரிசு விவரம் தவிர மற்றதைக் கேட்கிற பழக்கம் ஜுல்பிகருக்கு இல்லை. கொடி அசைந்ததும் பாய்ந்தார். நாற்பதாவது கிலோமீட்டரில் கூட்டத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். அங்கே சாலையோரம் கம்பெனி ஆள் ஒருவர் துணிப்பை ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றார். பைக்குள் வாழைப்பழம், பேரீச்சம்பழம், தண்ணீர். நீண்ட பந்தயங்களில் ஓடியபடியே வாங்கிச் சாப்பிடுவதற்கான ஏற்பாடு.

ஜுல்பிகர் பையைப் பிடுங்கினார். கழுத்தில் மாட்டினார். கால் தரையில் படாமல், பார்த்தவர்கள் வாய் பிளக்கும்படி ஒரு வட்டம் அடித்து, வந்த வழியே திரும்பிவிட்டார்.

எதிரே அறுபது பேர் கொண்ட கூட்டம் வந்தது. அதைப் பிளந்துகொண்டு போகும்போதும் அவருடைய பெருந்தன்மை குறையவில்லை. “இன்னும் கொஞ்ச தூரந்தான்டா, அங்கதான் குடுக்குறாங்க!” என்று கத்திக்கொண்டே போனார். தொடங்கிய இடத்தை அவர் அடைந்தபோது பந்தல்காரர்கள் இன்னும் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் தூக்கியபடி ஒரு ஏணியைச் சுற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டினார்.

“ஏய்யா,” என்றார் கண்ணுச்சாமி, வேனை விட்டு இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்து. “எதுக்குய்யா திரும்புன?”

“குடுத்தாங்க சார். வாங்கிட்டுத் திரும்பிட்டேன்.”

“அது சாப்பாட்டுப் பைய்யா!”

“துண்டுக்குப் பதிலா இங்க பை போலன்னு நினைச்சேன் சார். பெரிய கம்பெனில்ல.”

ராஜபாண்டியும் திரும்பித்தான் இருப்பார். ஆனால் அவர் கூட்டத்தின் நடுவில் சிக்கியிருந்ததால் பையும் கண்ணில் படவில்லை, பைக்காரரும் கண்ணில் படவில்லை. பசியோடு நேராகப் போய் எட்டாவதாக வந்தார். ஒப்பந்தம் கிடைத்தது. முதுகில் பெயர் வந்தது.

ஜுல்பிகருக்குத் தன்னை நிரூபித்துக்காட்ட ஆறு மாதத் தவணை கிடைத்தது. வேலை என்னவென்றால், மற்றவர்களுக்குத் தண்ணீர் சுமப்பது. வேனுக்குப் பின்வாங்கிப் போய், சட்டைக்குள் ஏழெட்டு பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, முன்னால் போகிறவர்களைத் துரத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். காற்று எதிர்த்து அடித்தால் ராஜபாண்டிக்கு முன்னால் போய் மறைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதை அவர் வீட்டில் விவரித்தபோது நாஸியா ஒரு சந்தேகம் கேட்டார்.

“அப்ப ஜெயிக்காம இருக்கத்தான் சம்பளமா?”

“ஆமா.”

“ஊருல எம்புட்டுப் பேரு இதைச் சும்மாவே செய்றாங்க.”

ராஜபாண்டி மட்டும் முழு மகிழ்ச்சியில் இருந்தார். “ஆறு வருசம் உன் முதுகையே பாத்துட்டு வந்தேன் பாய். இன்னைக்கு நீ எனக்குத் தண்ணி தூக்குற. ஆண்டவன் இருக்கான்யா.”

“எந்த ஆண்டவன்டா?”

“ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணியிருப்பாங்க.”

தவணையின் கடைசி வாரத்தில் மூன்று நாள் பந்தயம் வந்தது. கண்ணுச்சாமி ஜுல்பிகரைத் தனியாகக் கூப்பிட்டார். “உனக்கு முப்பத்திரண்டு வயசு. அடுத்த வருசம் எந்தக் கம்பெனியும் உன்னை எடுக்காது. மூணு நாள்ல ஒரே ஒரு நாள், முதப் பத்துப் பேருக்குள்ள வந்து காட்டு. கையெழுத்து வாங்குறது என் பொறுப்பு. வரலைன்னா முட்டைக்குப் போயிரு.”

முதல் நாள் அழகர்கோவில் பக்கம், மலைச்சாலையும் சேர்த்து. முட்டையை யாரும் மலைக்கு ஏற்றுவதில்லை என்பதால் ஜுல்பிகருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. நாற்பத்தோராவது. இரண்டாம் நாள் மேலூர்ச் சாலையில் பாட்டில் சுமந்து இருபத்தெட்டாவது. ராஜபாண்டியோ அன்று ஐந்தாவதாக வந்து, மொத்தக் கணக்கில் முதல் ஆளாக மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மன்சூருக்கு இது பெரிய இடியாக இறங்கியது.

“அஞ்சாவதா வந்தவன் எப்படி மாப்ள முதல் ஆளு?”

“மூணு நாளைக்கும் சேத்து யாருக்கு நேரம் கம்மியோ, அவனுக்குத்தான் கோப்பை. இப்ப அடுத்தவனை விடப் பாண்டிக்குப் பதினெட்டு செகண்டு கம்மி.”

“இதை நான் பேனர்ல எப்படிடா போடுறது?”

மூன்றாம் நாள் திருநகரில் தொடங்கி, திருமங்கலம், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று ஒரு பெரிய சுற்று சுற்றி, திருநகரிலேயே முடிகிற சமவெளிப் பாதை. சமவெளி என்றால் ஜுல்பிகர். உசிலம்பட்டியைத் தாண்டும்போது பன்னிரண்டு பேர் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் போனார்கள். அதில் ஜுல்பிகரும் ராஜபாண்டியும் இருந்தார்கள். மொத்தக் கணக்கில் இரண்டாவதாக இருந்த கோயம்புத்தூர்க்காரரும் இருந்தார். பன்னிரண்டில் இருவரைப் பின்னால் தள்ளினால் முதல் பத்துக்குள் வந்தாயிற்று. கடைசி நூறு மீட்டரில் இந்தப் பன்னிருவரில் தன்னைவிட வேகமாக மிதிக்கிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லை என்று ஜுல்பிகருக்குத் தெரியும்.

செக்கானூரணிக்கு முன்னால் அரசாங்கமே எதிர்பாராத ஒன்று நடந்தது. பந்தயத்துக்காகக் காவல்துறை சாலையை மறித்திருந்தது. லாரி நின்றது, டவுன் பஸ் நின்றது. ஆனால் ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கிளம்பிவிட்டது. இந்தப் பகுதியில் தாய்மாமன் சீரை நிறுத்துவதற்கு இதுவரை சட்டம் இயற்றப்படவில்லை. பன்னிரண்டு பேரும் கடந்துபோன மறுநிமிடம், செட்டுமேளம் முன்னே வர, நூற்றிருபது தாம்பாளங்களும் மாலை போட்ட ஏழு கிடாய்களும் சாலையை அடைத்துக்கொண்டு திரும்பின. பின்னால் வந்த சைக்கிள்கள் தாம்பாளங்களுக்கு நடுவே நுழைந்து போயின. உபரிச் சக்கரங்களை ஏற்றிவந்த கண்ணுச்சாமியின் வேன் நுழையவில்லை. அவர் ஹாரன் அடித்தார். அதை மேளத்தோடு சேர்த்துக்கொண்டார்கள்.

திருநகருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது ராஜபாண்டியின் முன்சக்கரத்தில் புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

“பாய்! காத்துப் போச்சு!”

ஜுல்பிகர் திரும்பிப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது. வேன் இல்லை. மற்றப் பத்துப் பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் எல்லாருக்கும் முன்னால் போனார். பதினெட்டு செகண்டு என்பது சக்கரம் இல்லாமல் நிற்கிறவனுக்கு எத்தனை நேரம்?

வேன் வரவில்லை, நான் என்ன செய்வது என்று ஜுல்பிகர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. பார்ப்பதற்கு மேலாளரும் இல்லை. உண்மையை மறைக்கக்கூடாது என்பதால் இதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது: அவர் எட்டு மிதி மிதித்தார். ஒன்பதாவது மிதியில் பிரேக்கைப் பிடித்தார். ஷூவைப் பெடலிலிருந்து திருகிக் கழற்றி, இடது காலைத் தார்ச்சாலையில் ஊன்றினார்.

“என்ன பாய் நிக்கிற? போ! உனக்குப் பத்து…”

“வாயாலயே பந்தயம் ஓட்டாதடா. சக்கரத்தைக் கழட்டு.”

“நீ என்ன பண்ணுவ?”

“கழட்டுடான்னா!”

பதினைந்து செகண்டில் ஜுல்பிகரின் முன்சக்கரம் ராஜபாண்டியின் சைக்கிளுக்கு மாறியது. ராஜபாண்டி ஏறியதும் ஜுல்பிகர் அவர் முதுகில் கையை வைத்து, வழுக்குகிற ஷூவோடு இருபது அடி ஓடித் தள்ளிவிட்டார். மஞ்சள் சட்டை சின்னதாகி வளைவில் மறைந்தது. ஜுல்பிகர் திரும்பி வந்து, காற்றுப்போன சக்கரத்தைத் தன் சைக்கிளில் மாட்டினார். அதில் ஏறி ஓட்டலாம். ஓட்டினால் ரிம் வளைந்துவிடும். ரிம் கம்பெனியுடையது. ஷூவின் அடியில் இருந்த பூட்டு நடக்கவிடாமல் வழுக்கியது. ஷூ இரண்டையும் கழற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் பின்கூட்டம் அவரைக் கடந்து போனது. சிலருடைய சட்டையில் ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன. டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். “அண்ணே, அங்கிட்டு ஒரு பஞ்சர் கடை இருக்குண்ணே. அவசரமாப் போகணுமா?”

“இனி அவசரமில்லண்ணே.”

இரண்டு கிலோமீட்டர் நடந்ததும் மன்சூர் பைக்கில் எதிரே வந்தார். வெறுங்காலைப் பார்த்ததும் பதறி, வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

“மாப்ள! காலைத் தூக்குடா! ஜனம் போன்ல எடுக்குது!”

“ரெண்டையும் தூக்குனா எப்படிடா நடக்கிறது?”

“ஏண்டா நடக்குற? என்னடா ஆச்சு?”

“சக்கரத்தைப் பாண்டிக்குக் குடுத்துட்டேன். அங்கன போய் அவன் என்ன ஆனான்னு பாரு. போ.”

மன்சூர் வண்டியைத் திருப்பினார்.

இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது கம்பெனி வேன் பின்னால் வந்து நின்றது. கண்ணுச்சாமி தலையை நீட்டினார். நெற்றி நிறையச் சந்தனம். மடியில் தேங்காயும் வெற்றிலையும் போட்ட மஞ்சள் பை. கையில் போன். சாப்பிடாமல் விடமாட்டோம் என்றவர்களிடமிருந்து தப்பி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

“பாண்டி இப்பத்தான் பேசுனான்,” என்றார். “மூணு செகண்டுல கோப்பை நமக்கு. எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

ஜுல்பிகர் சிரித்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

“பத்துக்குள்ள வரச் சொன்னேன்ல உன்னை?”

“ஆமா சார்.”

“இப்ப எத்தனாவது?”

“எண்ணலை சார். எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

கண்ணுச்சாமி மஞ்சள் பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். “திங்கக்கிழமை காலையில ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுரு. லேட் பண்ணாத.”

“சார்…”

“ஏறு வண்டியில. ரோடு கொதிக்குது.”

“இன்னும் முடியலையே சார். இவ்வளவு தூரம் வந்துட்டேன். போயிடுறேன்.”

வேன் முதல் கியரிலேயே அவருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.

திருநகரில் பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் குறிக்கிற அதிகாரி மட்டும் மேசையை மடிக்காமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பக்கத்தில் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி ராஜபாண்டி நின்றார். சற்றுத் தள்ளி, தண்ணீர்ப் பாட்டிலோடு நாஸியா நின்றார்.

ஜுல்பிகர் கையைத் தூக்கவில்லை. சூடு தாங்காமல் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி வந்தார். பலபேர் மிதித்துப் பாதி அழிந்துபோன அந்த வெள்ளைக் கோட்டின் மேல் வலது காலை வைத்தார். பிறகு இடது காலை வைத்துத் தாண்டினார். குதிகாலில் சுண்ணாம்பு ஒட்டியது.